தேன்சிட்டு கற்றுத்தந்த தூரம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நானா தனது பழைய கமராவை என்னிடம் தந்தார். எங்கள் வளவிலுள்ள செவ்வரத்தைச் செடிக்கு நாள்தோறும் வரும் தேன்சிட்டைப் படமெடுப்பதே என் ஆசை. முதல் நாளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். இரவு கணினியில் பார்த்தால், ஒன்றில் வால் மட்டும், இன்னொன்றில் வெறும் இலை, மற்றவற்றில் கலங்கிய மஞ்சள் புள்ளி. எங்கே பிழைத்தது என்று தேடியபோது கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதற் பிழை, பறவையைத் துரத்தியது. தேன்சிட்டு பத்து சென்ரிமீற்றர் நீளம்கூட இல்லாத பறவை. ஓரிடத்தில் தரிக்காது. ஆனால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வரும். செவ்வரத்தைப் பூவின் அடியை அலகால் துளைத்துத் தேன் குடிக்கும். ஆகவே அதன் பின்னால் ஓடாமல் பூவுக்கு எதிரே காத்திருக்க வேண்டும். யன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் கதிரை போட்டு அமர்ந்தேன். மூன்றாம் நாள் அது என்னைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது, வெளிச்சம். காலை ஏழு முதல் ஒன்பது மணி வரையான இளவெயிலே சிறந்தது. சூரியன் நமது முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஆண் தேன்சிட்டின் உச்சந்தலைப் பச்சையும் தொண்டையின் ஊதாவும் சாயம் பூசியது போன்ற நிறங்கள் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றுபவை. ஒளி சரியான கோணத்தில் விழாவிட்டால் அவ்விடங்கள் கறுப்பாகவே தெரியும்.

மூன்றாவது, சட்டர் வேகம். நான் முதலில் வைத்தது 1/125 செக்கன். அதற்குள் பறவை தலையைத் திருப்பிவிடும். 1/1000 செக்கனுக்கு மாற்றியதும் படம் தெளிந்தது. வேகம் கூடினால் கமராவுக்குள் வரும் ஒளி குறையும். அதை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. அளவை 800 ஆக்கினேன். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் சிறிது தெரியும். கலங்கிய படத்தைவிட அது மேல்.

நான்காவது, கண். பறவையின் கண் தெளிவாக விழுந்தால் படத்துக்கு உயிர் வரும். நாமும் அதன் கண் மட்டத்துக்குத் தாழ வேண்டும். பறவைக்கும் பின்னாலுள்ள மதிலுக்கும் இடையே தூரம் இருந்தால் பின்னணி மென்மையாகும்.

இவ்வளவும் கற்ற பிறகுதான் பெரிய பிழையைச் செய்தேன். தேசி மரத்தின் தாழ்ந்த கிளையில் பெண் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் சிலந்தி வலையும் சேர்த்துக் கட்டிய அந்தக் கூடு, தொங்கும் குப்பை போலவே தெரியும். உள்ளே இரண்டு முட்டைகள். படத்துக்கு மறைப்பாக இருந்த இலைக்கொத்தை வெட்டினேன். அருமையான படம் கிடைத்தது. மறுநாட் காலை காகம் கூட்டைக் கிழித்திருந்தது. தாய்ப்பறவை கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டேயிருந்தது.

உம்மா என்னை ஏசவில்லை. "நம்மட ஊட்டுக் கூரையக் கழட்டினா நாம இருப்பமா, மகள்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் படத்தை நான் எவருக்கும் காட்டவில்லை.

அன்பான சகோதரிகளே, விலையுயர்ந்த கமரா இல்லையே என்று தயங்க வேண்டாம். வளவின் நிழலில் ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர் வையுங்கள். அருகில் கைத்தொலைபேசியைக் காணொளி எடுக்க விட்டுவிட்டு விலகிச் செல்லுங்கள். பறவைகள் தாமாக வரும். ஆனால் கூட்டை நெருங்காதீர்கள். ஓர் இலையையும் அகற்றாதீர்கள். பறவை பதறிக் கத்தினால் உடனே பின்வாங்குங்கள். பெற்றோரும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இவ்வருடம் அதே வளவில், எக்ஸோராச் செடியில் மீண்டும் ஒரு கூடு தொங்குகிறது. நான் யன்னலைத் தாண்டவில்லை. என் படங்களில் அந்தக் கூடு இலைகளுக்குள் பாதி மறைந்தே இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.