சமையற்காரியின் கைகள்

1906ஆம் ஆண்டுக் கோடையில், நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒயிஸ்டர் பே என்னும் கடற்கரையூரில், ஒரு செல்வந்தர் வீட்டிலிருந்த 11 பேருள் 6 பேரை நெருப்புக்காய்ச்சல் பற்றியது. நீரும் பாலும் சோதிக்கப்பட்டன. குற்றம் எதிலும் காணப்படவில்லை. சுகாதாரப் பொறியியலாளரான ஜோர்ஜ் சோப்பர், சில வாரங்களின் முன் வேலைக்கு வந்த சமையற்காரி மேரி மாலனைப் பற்றி விசாரித்தார். அவர் முன்னர் சமைத்த வீடுகள் பலவற்றிலும் அந்நோய் கண்டிருந்தது. அவரோ நோயின் அறிகுறி எதுவுமின்றித் திடகாத்திரமாக இருந்தார்.

அடுப்பிற் கொதித்த உணவில் கிருமி எவ்வாறு பிழைத்திருக்கும் என்ற ஐயம் எழலாம். பிழைத்திராது. சோப்பர் குற்றஞ்சாட்டியது அடுப்பேறாத பண்டத்தையே: பச்சைப் பீச் பழங்களை வெட்டிச் சேர்த்த ஐஸ்கிறீம். குளிர் இக்கிருமியைக் கொல்வதில்லை. நம்மவர் கையாற் பிசைந்து, சூடுகாட்டாமலே உண்ணும் தேங்காய்ச் சம்பலும் இவ்வினத்ததே.

நெருப்புக்காய்ச்சற் கிருமி சிலரது பித்தப்பையில் ஆண்டுக்கணக்கிற் குடியிருந்து மலத்துடன் வெளியேறும். மலசலகூடம் சென்றுவந்த கையை நீரில் நனைத்துவிடுவதால் மட்டும் அது அகலாது. தோலின் எண்ணெய்ப்பசையில் கிருமி ஒட்டியிருக்கிறது. சவர்க்காரம் அப்பசையை நீரோடு கலக்கச்செய்து கிருமியையும் கழற்றிவிடுகிறது. நுரை விரலிடுக்குகளிலும் பெருவிரலைச் சுற்றியும் நகங்களின் அடியிலும் சேருமாறு 20 விநாடியேனும் தேய்த்து, ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். குழாயில்லாத வீட்டில் ஒருவர் செம்பால் வார்க்க மற்றவர் கழுவலாம். பலர் ஒரே பாத்திரத்து நீரிற் கையை அமிழ்த்துவது ஒருவர் அழுக்கை மற்றவருக்குப் பங்கிடுவதேயாம்.

சோப்பர் சோதனைக்கு மலமும் இரத்தமும் கேட்டபோது, மேரி இறைச்சி வெட்டும் முட்கரண்டியை ஏந்தி அவரைத் துரத்தினாராம். அந்நியர் ஒருவர் சமையலறையுட் புகுந்து அவ்வாறு கேட்டால் யார்தான் பொறுப்பர்? 1907இல் அவர் தீவொன்றில் தனிமைப்படுத்தப்பட்டார். இனிச் சமைப்பதில்லை என வாக்களித்து 1910இல் விடுதலையானார். ஆயினும் 1915இல், வேறு பெயருடன் அவர் சமைத்துவந்த மகப்பேற்று வைத்தியசாலையொன்றில் 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். மீண்டும் அத்தீவுக்கே அனுப்பப்பட்டு, 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதற்குள் அவரைப்போன்ற நோய்காவிகள் நூற்றுக்கணக்கானோர் அந்நகரிற் கண்டறியப்பட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தத்தம் வீடுகளிலேயே வாழ விடப்பட்டனர். தம் கைகள் நோயைப் பரப்பின என்பதை மேரி இறுதிவரை நம்பவில்லை.