டப்பாவில் 450 வாட், உள்ளே எவ்வளவு?

வெள்ளிக்கிழமை விடியும்போதே குந்தாரப்பள்ளி சந்தை களைகட்டிவிடும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரம் மட்டுமல்ல, கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். இங்கே ஆடு வாங்குகிறவர் விற்பவர் சொல்லும் எடையை நம்புவதில்லை. முதுகை அழுத்திப் பார்ப்பார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் விலைப் பேச்சு.

அதே ஆள் மகனின் கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை வாங்கக் கடைக்குப் போனால், டப்பாவில் அச்சடித்த ‘450 வாட்’டை அப்படியே நம்பி அறுநூறோ எழுநூறோ எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் ‘பட்’டென்று சத்தம், கருகிய வாடை. “பவர் சப்ளை போயிடுச்சு சார்” என்பார் மெக்கானிக். அதோடு மதர்போர்டும் போயிருந்தால் செலவு ஆயிரங்களில்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் நடப்பது சாதாரண வேலை இல்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. முதலில் டி.சி.யாக மாறி, ஏறத்தாழ 325 வோல்ட்டாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கும். அதை டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் தள்ளும். மறுபக்கம் 12, 5, 3.3 வோல்ட்டாக வெளியே வரும். இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் விதிப்படி இந்த மூன்றும் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது.

இனி அந்த 450-க்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பதெல்லாம் இந்த 12 வோல்ட் கம்பியில்தான். மீதி வாட்டை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஏற்றிக் காட்டிக் கூட்டினால் 450 வந்துவிடும். அதனால் உங்களுக்குப் பயன் இல்லை. நல்ல தயாரிப்பில் 450 வாட் என்றால் அதில் பெரும்பகுதி 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். கடையில் நின்றபடியே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

அறுநூறு ரூபாயில் பெட்டியை முடிக்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்? வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்டும் சுருளும் கெப்பாசிட்டர்களும் இருக்க வேண்டும். அவற்றுக்கான இடம் போர்டில் காலியாக இருக்கும், சில இடங்களில் வெறும் கம்பித்துண்டை வைத்து இணைத்திருப்பார்கள். வோல்டேஜ் எகிறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்று இருக்காது. சூட்டை வாங்கும் அலுமினியத் தகடு மெலிந்திருக்கும். டிரான்ஸ்பார்மரும் சிறுத்துப் போயிருக்கும். ஆட்டைத் தூக்கிப் பார்க்கிறவர் இதையும் தூக்கிப் பார்த்தால் கையே சொல்லிவிடும். (பெட்டிக்குள் எடைக்காக இரும்புத் துண்டை ஒட்டி விற்ற கதையும் மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிச் சந்தைக்கு ஓட்டிவருகிற மாதிரி!)

இத்தனையிலும் முதலில் சாவது கெப்பாசிட்டர். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. மலிவுச் சரக்கில் 85 டிகிரி கெப்பாசிட்டர், நல்லதில் 105 டிகிரி. 2000-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. மதர்போர்டில் பழுதான கெப்பாசிட்டர்கள் இருந்த ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக டெல் நிறுவனம் 2005-ல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

கிருஷ்ணகிரி–ஓசூர் பகுதியில் இந்தச் சாவு இன்னும் சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. தேசிய நெடுஞ்சாலைப் புழுதி சின்ன ஃபேனை அடைக்கும். கிரானைட் பட்டறை, மாங்கூழ் ஆலை, போர்வெல் என்று பெரிய மோட்டார்கள் கிளம்பும்போது அதே லைனில் வோல்டேஜ் சரியும். வோல்டேஜ் குறைந்தால் எஸ்எம்பிஎஸ் அதே வாட்டைக் கொடுக்க அதிக கரண்ட் இழுக்கும். உள்ளே சூடு ஏறும். சித்திரை, வைகாசி இடிமழை வேறு.

இதே நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. 1971-ல் தைவானில் புரூஸ் செங் தொடங்கிய அந்த நிறுவனம் பவர் சப்ளை தயாரிப்பில் உலகின் முன்வரிசையில் நிற்பது. அந்த வாசலைத் தாண்டித்தான் பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டிலிருந்து பெயர் தெரியாத டப்பாக்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து இறங்குகின்றன.

பெயர் பெற்ற கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் இல்லை. ஜிகாபைட்டின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டும் சோதனையில் வெடித்ததாகச் செய்தி பரவ, 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் சுமை கூடினால் தானே அணைந்துகொள்ளும் வரம்பைக் குறைத்து, குறிப்பிட்ட வரிசையில் வந்தவற்றை மாற்றித்தர முன்வந்தது. ஆகவே மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

‘80 பிளஸ்’ முத்திரை 2004-ல் வந்தது. அது சிக்கனத்துக்கான சான்றே தவிர, ஆயுளுக்கான உத்தரவாதம் அல்ல. ஆனாலும் பயன் உண்டு: 100 வாட் தேவைப்படும் கம்ப்யூட்டருக்கு 65 விழுக்காடு திறனுள்ள பெட்டி 54 வாட்டைச் சூடாக வீணாக்கும், 85 விழுக்காடு என்றால் 18 வாட்தான். முத்திரை போலியா என்று அத்திட்டத்தின் இணையப் பட்டியலில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையக் கம்ப்யூட்டருக்கு 100 வாட் சொச்சமே போதும். நேர்மையான 400 வாட், 105 டிகிரி கெப்பாசிட்டர், மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டி இருந்தால் தாராளம். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ள பெட்டியைத் தவிர்த்துவிடலாம். பிள்ளைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளினால் அடுத்த கணமே வெடிக்கும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று பலர் இன்வெர்ட்டரைத் திட்டுவார்கள். கரண்ட் நின்ற பிறகும் சுமார் 16 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் விதி. சிறிய கெப்பாசிட்டர் போட்ட மலிவுப் பெட்டி அதற்குள் மூச்சை விட்டுவிடும். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் குற்றவாளி எஸ்எம்பிஎஸ்தான்.

எந்தப் பெட்டியானாலும் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கலாம். கேபினெட்டைத் தொட்டால் விரல் ‘ஜிர்’ரென்று இழுக்கிறதா? நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் எர்த் இல்லாத பிளக்கில் சொருகினால் அப்படி இழுக்கும். புதுப் பெட்டிக்குப் பணம் எடுக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவர் பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.