நுண்ணளவைக் கருவிகளும் வீட்டுப் பட்டறையும்

முன்னுரை

அளந்தறிதல் மாந்த வாழ்வின் அடிப்படைக் கல்விகளுள் ஒன்றாகும். நெல்லை மரக்காலாலும், துணியை முழத்தாலும், நிலத்தைக் கோலாலும் அளந்து வாழ்ந்தவர் நம் முன்னோர். பொறிகள் பெருகிவிட்ட இக்காலத்திலோ, முழமும் சாணும் எட்டாத நுண்ணுலகிலும் அளவை புகுந்துள்ளது. தலைமயிரின் கனமே உள்ள ஓர் இடைவெளி, இயந்திரம் செவ்வனே ஓடுமா, இறுகி நிற்குமா என்பதை முடிவு செய்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் போன்ற ஊர்களில், வீட்டுத் திண்ணையை ஒட்டிய கொட்டகையே பட்டறையாக விளங்கக் காணலாம். ஒரு ஸ்பேனர் பெட்டி, ஒரு வைஸ், ஒரு சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டே இருசக்கர வண்டிகளையும் நீரேற்றும் பம்புகளையும் பழுது நீக்கிவிடும் கைவல்லவர் பலர் உளர். அவர்தம் கைத்திறம் போற்றத்தக்கது. எனினும், ‘பிஸ்டன் தேய்ந்துவிட்டது’ என்பாரிடம் ‘எவ்வளவு?’ என வினவினால், கிடைக்கும் விடை பெரும்பாலும் கண்மதிப்பாகவே இருக்கும். அம்மதிப்பு பிழைபடின் இழப்பு வண்டிக்கு உரியவருக்கு. சில வேளை உயிருக்கும் ஊறு நேரலாம். ஆதலின், நுண்ணளவைக் கருவிகளின் இயல்பையும் அவற்றைக் கையாளும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் அளவை மரபு

நுண்ணளவை நமக்குப் புதிதன்று. அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்து விதி வகுத்தது தொல்காப்பியம். இலக்கண நூலார் தனி விதி வகுக்கும் அளவிற்கு அளவைச் சொற்கள் அன்றே பெருகியிருந்தன என்பது இதனால் புலப்படும்.

நம் பகுதியைச் சார்ந்த உத்திரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைக்குத் தகுதியுடையோர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராதல் வேண்டும் என்கின்றன அவை. நிலத்தை ஐயமற அளந்து வைத்திராத ஊரில் இவ்விதி செல்லுபடியாகாது. அவ்வூரில் பொன் வாரியம் என ஒரு வாரியமும் இருந்தது. ஊர்ப் பொதுவாழ்வின் நம்பிக்கை அளவையின்மேல் நின்றது எனலாம்.

பின்னங்களிலும் நம் முன்னோர் நுட்பம் கண்டனர். ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. அம்முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபது கூறாக்கின் கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. ஓர் அங்குலத்தில் முந்திரி என்பது ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டராகும். சிறிய நான்கு வீச்சு இயந்திரங்கள் பலவற்றில் வால்வுக்கு விடப்படும் இடைவெளியும் இவ்வளவினதே. எண்சுவடியில் மனனம் செய்த பின்னம், இன்று மெக்கானிக்கின் கையில் ஒரு மெல்லிய தகடாகத் தவழ்கிறது!

கருவிகள் தோன்றிய வரலாறு

எண்ணில் இருந்த நுட்பம் கருவியில் அமையப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1121-ஆம் ஆண்டில் மெர்வு நகரத்து அறிஞர் அல்-காஸினி, ‘மீசானுல் ஹிக்மா’ என்னும் நூலில் நுண்ணிய தராசுகளின் அமைப்பை விரித்துரைத்தார். போர்த்துக்கீசியரான பெத்ரோ நூனெஸ் 1542-இல், ஓர் அளவுகோலின் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் கணிக்க ஒரு வழி கூறினார். பிரெஞ்சுக்காரரான பியேர் வெர்னியர் 1631-இல் அதனினும் எளிய நகரும் துணைக்கோலை வெளியிட்டார். இன்றளவும் அக்கோல் அவர் பெயராலேயே வழங்குகிறது. கையடக்கத் திருகு அளவிக்கு 1848-இல் காப்புரிமை பெற்றவர் பாரிசைச் சேர்ந்த பால்மர். சுவீடன் நாட்டு யோஹான்சன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒன்றோடொன்று சேர்த்து எவ்வளவையும் உண்டாக்கத்தக்க எஃகுக் கட்டைகளை வகுத்தார். ஓரிடத்தில் செய்த உறுப்பு வேறோரிடத்தில் செய்த உறுப்போடு பொருந்த இவை வழிகோலின.

வெர்னியர் அளவி

வீட்டுப் பட்டறையில் முதலில் வாங்கத்தக்கது வெர்னியர் அளவி. இதன் தாடைகளால் வெளி விட்டத்தையும், மேல்முனைகளால் உள் விட்டத்தையும், பின்புறத் தண்டால் ஆழத்தையும் அளக்கலாம். முதன்மைக்கோலின் 49 மி.மீ. நீளத்தைத் துணைக்கோலில் 50 பிரிவுகளாக்கியிருப்பின், அதன் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. ஆகும். துணைக்கோலின் சுழிக்கோடு 49-ஐக் கடந்து நிற்க, 47-ஆம் பிரிவு மேற்கோட்டோடு நேர்படுமாயின், அளவு 49 + (47 × 0.02) = 49.94 மி.மீ.

இலக்கத்தில் அளவு காட்டும் மின்கலக் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவை 0.01 வரை எண் காட்டும். ஆயினும் அவ்வகைக் கருவிகளில் 0.02 அல்லது 0.03 மி.மீ. பிழை இருத்தல் இயல்பு. கருவி எத்துணை நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது வேறு. எத்துணை மெய்யாகக் காட்டுகிறது என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்தலே அளவைக் கல்வியின் முதற்படி.

திருகு அளவி

நூற்றில் ஒரு மில்லிமீட்டரை நம்பத்தக்கவாறு அறியத் திருகு அளவி வேண்டும். பட்டறையில் இதனை மைக்ரோமீட்டர் என்பர். பள்ளி ஆய்வகத்துக் கருவியில் புரியிடைத் தூரம் 1 மி.மீ., தலைக்கோற் பிரிவுகள் 100. பட்டறைக் கருவியிலோ புரியிடைத் தூரம் 0.5 மி.மீ., பிரிவுகள் 50. இரண்டிலும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. தான். எனினும் அரை மில்லிமீட்டர்க் கோட்டைக் காணத் தவறுவோர் 49.96-ஐ 49.46 எனப் படித்துவிடுவர். புதியோர் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே. முதலில் வெர்னியரால் அளந்து, பின்னர்த் திருகு அளவியால் நுணுக்குவது இப்பிழையைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

இக்கருவி இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கியன்று. முனையிலுள்ள ராட்செட்டைத் திருப்ப, அது ‘கிறுக் கிறுக்’ என ஒலித்து நழுவும், அவ்வழுத்தமே போதும். விரல் வலிமையைக் காட்டினால் சட்டகம் வளைந்து பொய்யளவு தரும்.

ஓர் எடுத்துக்காட்டு

அளவை பணத்தைக் காக்கும் திறத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1994-இல் வெளிவந்து ஊர்தோறும் பரவிய ஸ்பிளெண்டர் வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. இவற்றிலிருந்து 97.2 கன சென்டிமீட்டர் என்னும் அதன் கொள்ளளவை மாணவர் தாமே கணக்கிடலாம். அவ்வாறே, 70-க்கு 90 என்னும் அளவுடைய பழைய புல்லட்டுக்கு ஏறத்தாழ 346 வரும்.

புகை கக்கும் அத்தகைய ஸ்பிளெண்டர் ஒன்று பட்டறைக்கு வந்ததாகக் கொள்வோம். சிலிண்டரின் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும், மட்டம் ஒன்றுக்கு நெடுக்கும் குறுக்குமாக இரு முறையும் உள்விட்டமானியால் அளந்து ஆறு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மட்டத்து இரு அளவுகள் மாறுபடின் சிலிண்டர் வட்டம் பிறழ்ந்துள்ளது. மேலும் கீழும் மாறுபடின் கூம்பியுள்ளது. ஆறனுள் பெரிய அளவு 50.09 எனவும், பிஸ்டனின் அடிப்பாவாடை, அதன் ஊசிக்குச் செங்குத்துத் திசையில், 49.95 எனவும் கொள்வோம். இடைவெளி 0.14 மி.மீ. கையேடு தரும் எல்லை 0.10 எனில் பழுது உறுதி.

இனி, 49.98 மி.மீ. உள்ள புதுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் என்னாகும்? இடைவெளி 0.11, எல்லையை அப்போதும் தாண்டுகிறது. செலவு வீண்; சில மாதங்களில் மீண்டும் புகை. சிலிண்டரைக் குடைந்து, பெரும்பாலும் 0.25 மி.மீ. படிகளில் கிடைக்கும் பெரிய பிஸ்டனைப் பொருத்துவதே தக்கது. மாறாக, சிலிண்டர் 50.02 ஆகவும் பிஸ்டன் செம்மையாகவும் இருந்து, வளையத்தின் வாய் இடைவெளி மட்டும் மிகுந்திருப்பின், வளையங்களை மாற்றினாலே போதும். ‘ரீபோர்’ செய்யத் தேவையே இல்லை. இவ்விரு முடிவுகளுக்கும் இடைப்பட்ட செலவு, நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்குச் சிறிதன்று.

இடைவெளித் தகடும் தடுப்பு வட்டும்

வால்வு இடைவெளியையும் வளைய வாயையும் அளப்பது ‘பீலர் கேஜ்’ எனப்படும் தகட்டுக்கொத்து. உரிய கனமுள்ள தகடு இலேசாக உரசிக்கொண்டு செல்ல வேண்டும். அடுத்த பெரிய தகடு நுழையலாகாது. இயந்திரம் முற்றிலும் குளிர்ந்த பின்னரே வால்வை அளத்தல் வேண்டும்.

தடுப்பு வட்டு, அதாவது டிஸ்க் பிரேக் வட்டு, உயிரோடு தொடர்புடையது. அதன் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் வட்டின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த வட்டின் விளிம்பில் பட்டை உரசாத ஒரு வரம்பு எஞ்சி நிற்கும். வெர்னியரின் நீண்ட தாடைகள் அவ்வரம்பின்மேல் அமர்ந்து, ‘கனம் போதும்’ எனப் பொய் சொல்லும். திருகு அளவியின் முனையோ உட்புறத் தேய்மானத்தையே தொட்டு அளக்கும். கருவியை இடமறிந்து தேர்தலின் இன்றியமையாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வெப்பமும் சரிபார்ப்பும்

உலகெங்கும் நீள அளவைக்கு அடிப்படை வெப்பநிலை 20 பாகை செல்சியசு என 1931-இல் ஏற்கப்பட்டது. காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில் கொட்டகை 40 பாகையை எட்டும். அந்த 20 பாகை மிகையில், 50 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் ஏறத்தாழ 0.023 மி.மீ. விரியும், எஃகுக் கருவி அதில் பாதியளவே விரியும். ஓடிய சூட்டோடு கழற்றிய பிஸ்டனின் பிழை இன்னும் பெரிது. ஆகவே, உறுப்பையும் கருவியையும் துடைத்து, நிழலில் ஒரே பலகைமேல் சில மணி நேரம் வைத்திருந்து அளப்பது நன்று.

அளக்குமுன் சுழிப்பிழை காண்பது கட்டாயம். அடுத்து, அறிந்த ஓர் அளவோடு ஒப்பிட வேண்டும். புதிய 6202 எண் பேரிங்கின் வெளிவிட்டம் 35 மி.மீ.; அதில் நேரும் குறைவு ஏறத்தாழ நூற்றில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். உறை பிரிக்காத அத்தகைய பேரிங் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பின், அதுவே ஏழை மெக்கானிக்கின் உரைகல்.

இந்நாட்டின் அளவைகளுக்கெல்லாம் மூலப்படிகளைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த தமிழரான கே.எஸ். கிருஷ்ணன் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அவ்வாய்வகத்திற்கும் ஏனாத்தூர்க் கொட்டகைக்கும் இடையே அளவைச் சங்கிலி ஒன்று உண்டு. அதன் கடைசிக் கண்ணியைக் காக்கும் பொறுப்பு மெக்கானிக்கின் கையில் இருக்கிறது.

சொல்லும் செயலும்

மீச்சிற்றளவு, சுழிப்பிழை, புரியிடைத் தூரம், தலைக்கோல் ஆகியவை அழகிய தமிழ்ச் சொற்கள். தமிழ்வழியில் இயற்பியல் பயின்ற மாணவர் இவற்றைத் தேர்வுக்காக எழுதியவரே. ஆயினும் அவருட் பலர் ஒரு பிஸ்டனை அளந்ததில்லை. கொட்டகையில் பழகும் இளைஞரோ பிஸ்டனை நாளும் தொடுகிறார். அளவியைப் படிக்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. மூத்த மெக்கானிக்குகள் இன்றும் ‘பத்து தௌ’ என அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில் பேசுகின்றனர். கையேடுகளோ மில்லிமீட்டரில் பேசுகின்றன. ஒரு தௌ 0.0254 மி.மீ. என்னும் ஒரே வரி இவ்விரு தலைமுறையையும் இணைத்துவிடும்.

இஃது வாழ்வாதாரச் சிக்கலுமாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைகளில் அளவு படித்து, குறித்து, ‘ஏற்கலாம்’ அல்லது ‘தள்ளுக’ எனத் தீர்ப்பளிக்கும் பணி ஒருபுறம். சுமை தூக்கும் பணி மறுபுறம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எப்பக்கம் நிற்பர் என்பதை, கையடக்கமான இக்கருவிகளைப் படிக்கத் தெரிவதும் ஓரளவு முடிவு செய்யும்.

முடிவுரை

ஒரு வெர்னியர் அளவி, ஒரு திருகு அளவி, ஒரு தகட்டுக்கொத்து, ஒரு குறிப்பேடு ஆகிய நான்கும் இருப்பின் வீட்டுப் பட்டறை அறிவுக்கூடமாகிவிடும். இவற்றுள் குறிப்பேட்டை எளிதாக எண்ணிவிடலாகாது. வண்டி எண், நாள், அளந்த அளவு, கையேட்டின் எல்லை ஆகியவற்றை எழுதிக் காட்டும் மெக்கானிக்கிடம் வண்டிக்காரர் பேரம் பேசலாம், ஐயுறமாட்டார். பொதுவான மரக்காலை ஊர் ஏற்றுக்கொண்டது போல, இருவருக்கும் பொதுவான சான்றாக அவ்வெண் நிற்கும்.

கல்லூரி மாணவர் தம் விடுமுறையில் அண்டை வீட்டுக் கொட்டகைக்குச் சென்று தாம் கற்ற மீச்சிற்றளவை அங்குள்ளார்க்குக் கற்பிக்கலாம். அவரிடமிருந்து கைப்பக்குவத்தைக் கற்றுவரலாம். ஊர்ப் பெரியோர், இளைஞருக்கு ஒரு கருவியை வாங்கித் தந்து ஊக்கலாம். ஏட்டுக்கல்வியும் கைத்தொழிலும் ஒரே அளவுகோலில் சந்திக்குமாயின் இரண்டும் வளம் பெறும்.