இறால் ஓடும் மாம்பழமும்

கோவளத்தில் வாங்கி வந்த இறாலை உரித்ததும் ஓட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். அந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளைப் பிரித்தெடுக்கலாம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான செய்முறையை உருவாக்கியிருக்கிறது.

இதற்கும் மாம்பழத்துக்கும் என்ன தொடர்பு? மாம்பழத்தில் கரும்புள்ளி விழச் செய்யும் பூஞ்சை, காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்துவிடுகிறது. காயின் தோலிலும் பாலிலும் உள்ள ரிசார்சினால்கள் என்ற வேதிப்பொருள்கள் அதை அடக்கி வைக்கின்றன. பழுக்கப் பழுக்க அவை குறைகின்றன, பூஞ்சை தலைதூக்குகிறது.

பறித்த காயை நீர்த்த கைட்டோசான் கரைசலில் முக்கி எடுத்தால் மெல்லிய படலம் படியும். கைட்டோசானின் மூலப்பொருளான கைட்டின் பூஞ்சையின் செல்சுவரிலும் உண்டு. அதனால் பழம் இந்தப் படலத்தையே பூஞ்சையாக எண்ணி, தன் எதிர்ப்பு நொதிகளை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது. மருந்து தெளிக்காமல் பழத்தின் சொந்த வலிமையையே தட்டி எழுப்பும் இந்த வழி நம் கடற்கரைக்கு மிகவும் பொருத்தமானது.

வீட்டு மரத்தில் மாங்காய் பறிப்பவர்கள் கோலால் அடித்து உதிர்க்காதீர்கள். சிறு காம்போடு வெட்டி எடுங்கள். தோலில் காயம் படாத காய்தான் நோயைத் தாங்கும்.