களையை நம்பிப் பிழைக்கும் வண்டு

மழை பெய்த சில வாரங்கள் கழித்துச் சாலையோரப் பார்த்தீனியச் செடிகளைக் கவனித்தால், சில செடிகள் இலையிழந்து வெறும் குச்சியாக நிற்பது தெரியும். அது மெக்சிகன் வண்டின் வேலை. சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளம், மேடு தட்டிய முதுகு, வெளிறிய மஞ்சள் நிற மேலிறக்கைகள், அவற்றின்மேல் நெடுக்காக ஓடும் கரும்பழுப்புக் கோடுகள். பொறிவண்டு என்று பலர் ஏமாந்துபோகும் இது, உண்மையில் இலைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் ஸைகோகிராமா பைகலரேட்டா. பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1983இல் மெக்சிகோவிலிருந்து தருவித்து, சோதித்துப் பார்த்து, 1984இல் பெங்களூரில் திறந்துவிட்டார்கள். இந்த வண்டின் பலம், பலவீனம் இரண்டுமே ஒரே இடத்தில் இருக்கின்றன: அதன் வாழ்க்கை அந்தக் களையோடு பிணைந்திருக்கிறது.

பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அதன் வளர்ச்சியே சான்று. தாய்வண்டு பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் முட்டையிடுகிறது. நான்கு முதல் ஏழு நாளில் வெளிவரும் இளம்புழு முதலில் நுனிக்குருத்தையும் கணுக்களில் விடும் மொட்டையும் தின்கிறது. பெரிதானதும் இலைப்பரப்புக்கு மாறுகிறது. ஓரிரு வாரத்தில் வளர்ந்து முடித்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி வண்டாக மேலே வருகிறது. ஆடுமாடுகள் ஒதுக்குவதும் மனிதத் தோலில் அரிப்பைக் கிளப்புவதுமான பார்த்தீனின் என்ற கசப்புப் பொருள் நிறைந்த செடி இது. மற்ற உயிர்களை விரட்டும் அந்தச் செடியே இந்த வண்டுக்குப் பந்தி.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் சூரியகாந்தி வயல்களிலும் இந்த வண்டு இலையைக் கடிப்பதைக் கண்டு விவசாயிகள் பதறினார்கள். இரண்டு செடிகளும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே. ஆராய்ந்தபோது வேறொரு காரணம் தெரிந்தது: பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்தால் அது வண்டைத் தின்னத் தூண்டுகிறது. ஒரு செடியில் வாய் வைப்பது வேறு. அங்கேயே முட்டையிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது வேறு. பயிரைக் காப்பாற்ற வயலோரத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே அகற்றுவதுதான் பொருத்தமான வழி.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் பார்த்தீனியம் ஏன் ஒழியவில்லை என்று கேட்கலாம். வறண்ட, குளிர்ந்த மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கிறது; மழைக்குப் பிறகே எழுந்து பெருகுகிறது. களைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொஞ்சம் ஈரம் கிடைத்தாலே முளைத்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். வண்டுக்கூட்டம் திரள்வதற்குள் முந்திக்கொண்ட செடிகள் பூத்துவிடுகின்றன. எனவே வண்டு மேயும் இடத்தில் மழைக்காலத்தில் களைக்கொல்லி தெளிக்காமல் விட்டுவைப்பதும், வண்டு இல்லாத இடத்தில் கையுறை அணிந்து பூக்கும் முன் வேரோடு பிடுங்குவதும், தரிசில் தகரை போன்ற போட்டிச் செடிகளை வளர்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். களையை நம்பிப் பிழைக்கும் வண்டு களையைக் குறைக்கும். மிச்சத்தை முடிப்பது நம் கைவேலை.