வெளியூரில் ஹோட்டல் வேலையா? இவை கையில் இருக்கட்டும்!

வெளியூர் ஹோட்டலில் வேலை பார்ப்பவருக்கு வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை; தங்கும் அறையும் மூணு வேளைச் சாப்பாடும் சேர்ந்தே போகும். 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கில் இதைப் பலரும் அனுபவித்தார்கள். மாஸ்டர்கள் சிலர் சொந்த ஊரில் டிபன் கடை போட்டாங்க. சப்ளையர்கள் சிலர் டெலிவரி வேலைக்கு மாறினாங்க. கைத்தொழில் காப்பாற்றியது. ஆனால், அதை நிரூபிக்கக் காகிதமும் வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை:

• இ-ஷ்ரம் பதிவு: பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத, 16 முதல் 59 வயது வரையுள்ள தொழிலாளர்கள் ஆதாருடன் இணைந்த மொபைல் எண் மூலம் இலவசமாகப் பதியலாம். 12 இலக்க எண் கிடைக்கும். வேலை மாறினால் தொழில் விவரத்தையும் மாத்திடுங்க.

• அனுபவச் சான்று: வேலையில் இருக்கும்போதே முதலாளியிடம் எழுதி வாங்குங்க. கடை மூடிய பிறகு ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

• உணவுப் பதிவு: வீட்டில் சமைத்து விற்கப் போறீங்களா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அவசியம். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இ-ஷ்ரம் பற்றிய சந்தேகங்களுக்கு 14434 எண்ணில் கேளுங்க.