நம் தெரு எத்தனை நாள் தாங்கும்?

2023 டிசம்பரை எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. அந்த வெள்ளம் மணலிப் பக்கத்து எண்ணெயையும் அடித்துவந்து எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்த்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. அது ஆறுவதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிய, மூச்சு திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள்.

வெள்ளம் வந்தால் மாடிக்கு ஏறு என்பது நமக்குப் பழகிவிட்டது. வாயுவுக்கு அந்தப் பழக்கம் உதவாது. காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது கொஞ்சம் உதவும். வெளியேற வழியில்லை என்றால் கதவு, ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஏ.சி.யை நிறுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 72 லிட்டர், அதாவது நான்கு கேன். மழை எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பி வைக்க வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால் அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. உங்கள் தெருவில் இன்றும் வேலை செய்யும் அடிபம்பு எத்தனை? எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. பள்ளிவாசலில் ஜெனரேட்டர் இருக்கிறது என்கிறோம். டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது? தரையோடு தரையாக வைத்திருந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான்.

நிவாரணம் வரும்போது ரேஷன் கார்டு தேவைப்படும். மிக்ஜாம் சமயத்தில் அரசின் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

இனி ஜமாஅத் செய்யக்கூடியது. நிக்காஹ்வுக்கும் சந்தாவுக்கும் குடும்பப் பதிவேடு வைத்திருக்கிறோம். அதில் மூன்று விவரங்களைக் கூடுதலாக எழுதினால் போதும்: நடக்க முடியாதவர் யார், இன்சுலின் அல்லது டயாலிசிஸ் யாருக்கு, ஆண்கள் நைட் ஷிப்ட் போனபின் பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீடு எது. தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் எழுத வேண்டும். புகை எந்த வீட்டுக் கதவையும் பார்த்து நுழைவதில்லை. அடுத்த வீட்டு மீனவக் குடும்பத்துப் பாட்டியையும் யாராவது தூக்கத்தான் வேண்டும்.

யார் யாரைத் தூக்குவது என்று பெயர் குறித்து வையுங்கள். பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பதோடு கதவைத் தட்டவும் ஆள் வேண்டும். நள்ளிரவில் பேன் சத்தத்தில் மைக் கேட்காது. அந்தத் தாளின் மேலே 112, 108, மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.